கூர்க்கனுக்கு வேண்டாம், சிறுகுறிஞ்சானுக்கு வேண்டும்

செடியின் சிறு துண்டைப் பாட்டிலுக்குள் வைத்துக் கன்றாக்கும் திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை என்று சொன்னாலே ஊரில் வாழைக்கன்று என்ன விலை என்பார்கள். எங்கள் சேலத்துக் கூடத்துக்குச் சோறு போடுவதும் வாழைதான். ஆனால் ஓரத்து ரேக் ஒன்றில் மூலிகைகளும் இருக்கின்றன.

ஆத்தூர்ப் பக்கம் மருந்துக்கூர்க்கன் என்ற மூலிகையைப் போடும் அப்பாவுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. "நுனியக் கிள்ளி நட்டா வேர் புடிக்கிற செடிக்கு பாட்டில் எதுக்கு பாப்பா?" என்பார். கூர்க்கனைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. நோயில்லாத தாய்ச்செடி வேண்டுமென்றால் மட்டும் எங்களிடம் வரலாம். நிலத்திலேயே வேரைத் தாக்கும் நூற்புழு இருந்தால் அதுவும் வீண்.

சிறுகுறிஞ்சான் விஷயம் வேறு. இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையைப் போட்டால் வாயில் மணல் மாதிரி இருக்குமே, அந்தக் கொடி. சர்க்கரை நோய்க்கென்று இலையைத் தேடுகிறார்கள். விதையோ சீக்கிரமே முளைப்புத்திறனை இழந்துவிடும். எங்களுக்கு ஒரு கணுத்துண்டு போதும். கிருமி நீக்கி, முராஷிகியும் ஸ்கூகும் 1962-இல் வெளியிட்ட உப்புக் கலவையில் 3 சதவீதம் சர்க்கரையும் கெட்டியாக்க அகரும் சேர்த்து, அதில் ஊன்றுவோம். சேர்க்கும் செடி ஹார்மோன்களில் சைட்டோகைனின் தூக்கலாக இருந்தால் தளிர் கிளம்பும், ஆக்சின் தூக்கலாக இருந்தால் வேர். வெட்டுவாயில் கசிவது இந்தக் கலவையைக் கறுக்கடித்துவிடுவதுதான் தலைவலி. இளந்தண்டாக எடுத்தால் கொஞ்சம் குறையும்.

பார்க்க வரும் மாணவர்கள் கேலஸ் என்ற திசுக்கட்டியைத்தான் ஆசையாகக் கேட்கிறார்கள். வித்தைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த உருவமற்ற கட்டியிலிருந்து வரும் செடிகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும் என்று சொல்ல முடியாது. மருந்துச் சத்து ஏறலாம், இறங்கலாம். மூலிகையில் நான் கணுமொட்டுக் கட்சி.

அப்புறம் ஹார்டனிங், அதாவது பாட்டில் கன்றை வெளிக்காற்றுக்குப் பழக்குவது. பாட்டிலுக்குள் எந்நேரமும் ஈரக்காற்று என்பதால் இலையில் மெழுகு சரியாகப் படிந்திருக்காது, இலைத்துளைகளும் ஒழுங்காக மூடாது. அதைச் சேலத்துச் சித்திரை வெயிலில் வெளியே எடுத்தால் மதியத்துக்குள் துவண்டுவிடும். அதனால் கோடையில் ஏற்காட்டில் தெரிந்தவர் ஒருவரின் நிழல்வலைக் குடிலுக்கு ஏற்றிவிடுகிறோம். சுமார் 1500 மீட்டர் உயரக் குளுமைக்கு ஈடாக நாங்கள் என்ன செய்ய முடியும்? தென்னை நார்க்கழிவில் நட்டு, பாலிதீன் போர்த்தி, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் தட்டு சரியாமல் பிடித்துக்கொண்டு போவது தனி வேலை.

இவ்வளவு செலவும் கன்றின் தலையில்தான் விழுகிறது. காட்டில் பறித்த இலைக்கும் தோட்டத்து இலைக்கும் வியாபாரி ஒரே விலை கொடுத்தால் விவசாயி எங்கள் கன்றை ஏன் வாங்குவார்? இப்போதைக்குக் கேட்டு வருகிறவர்கள் மூலிகைத் தோட்டம் போடும் கல்லூரிக்காரர்கள்தான்.