ஜோவன்னா டார்க்குக்கு இப்படி ஆகியிருக்கக் கூடாது

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கேம் கன்சோல் வெளியான 2005 நவம்பரில் அதோடு சேர்ந்தே வந்த ஷூட்டர், அதாவது துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம், 'பர்ஃபெக்ட் டார்க் ஸீரோ'. அதன் நாயகிதான் ஜோவன்னா டார்க். அந்த ஏமாற்றம் எனக்கு இன்னும் தீரவில்லை.

2000இல் நின்டென்டோ 64 கன்சோலில் வந்த முதல் 'பர்ஃபெக்ட் டார்க்' எப்பேர்ப்பட்ட ஆட்டம்! லேப்டாப் போல மடங்கும் துப்பாக்கியைச் சுவரில் வீசினால் அதுவே காவலுக்கு நின்று சுடும். கடினத்தைக் கூட்டினால் மிஷனில் செய்ய வேண்டிய வேலைகளும் கூடும். ஆனால் அதை உருவாக்கி முடிக்கும் முன்பே முக்கியமான சிலர், அதைத் தயாரித்த ரேர் நிறுவனத்தை விட்டுப் போய்விட்டார்கள். 2002இல் ரேரை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. ஸீரோ நின்டென்டோவின் கேம்க்யூப் கன்சோலுக்கு எனத் தொடங்கி, முதல் எக்ஸ்பாக்ஸுக்கு மாறி, கடைசியில் 360க்கு வந்து சேர்ந்தது.

அந்த அலைச்சல் ஆட்டத்தில் தெரிகிறது. முகமும் சுவரும் பிளாஸ்டிக் மாதிரி பளபளக்கின்றன. உருண்டு தப்பிக்கும்போது கேமரா ஜோவன்னாவின் பார்வையை விட்டு வெளியே போய்விடுவதால் குறி தவறுகிறது. மிஷன்களில் எங்கே போவது என்றே புரியாது. 32 பேர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயர் நல்ல முயற்சி, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதே நாளில் வந்த 'கால் ஆஃப் டியூட்டி 2'வை ஆடிவிட்டு இதற்குத் திரும்ப மனசு வரவில்லை.

புதிய 'பர்ஃபெக்ட் டார்க்' ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. 2025 ஜூலையில் அதையும் மைக்ரோசாஃப்ட் கைவிட்டுவிட்டது. இனி ஜோவன்னாவைப் பார்க்க விரும்புகிறவர்கள் முதல் ஆட்டத்தின் 2010 மறுபதிப்பை ஆடுங்கள், ஸீரோ வேண்டாம்.