அமாவாசைக் கடலும் அந்தமான் தீவுகளும்: விடுமுறை நாட்குறிப்பு

டிசம்பர் 26, 2024, வியாழன். போர்ட் பிளேர்

காலை விமானத்தில் சென்னையிலிருந்து கிளம்பி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே இங்கே வந்து இறங்கிவிட்டோம். தம்பி, தம்பி மனைவி, ஒன்பதாவது படிக்கும் அவர்கள் மகள், நான். அவளுக்கு அரையாண்டு விடுமுறை. ஊரின் பெயரை இந்த செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியிருக்கிறார்கள். ஆட்டோக்காரர், ஓட்டல்காரர் எல்லோர் வாயிலும் இன்னும் போர்ட் பிளேர்தான்.

இங்கே முதலில் பழக வேண்டியது வெளிச்சத்தின் கணக்கு. சென்னையைவிட பன்னிரண்டரை பாகை கிழக்கே இருக்கும் ஊர், ஆனால் கடிகாரம் ஓடுவது அதே இந்திய நேரத்தில். அதனால் சூரியன் ஐம்பது நிமிடம் முந்திக்கொள்கிறது. இன்று மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் மறைந்துவிட்டது. வெயில் தாழ்ந்து நாலரைக்குக் கடற்கரைக்குப் போகலாம் என்று நம் ஊர்க் கணக்கில் கிளம்பினால் இருட்டில்தான் நிற்க வேண்டும்.

அறைக்கு வந்ததும் சுற்றுலா ஏற்பாடு செய்தவர் கொடுத்த பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஜெட் ஸ்கீ, வாழைப்பழப் படகு, கண்ணாடிப் படகு, கடலடி நடை, ஸ்கூபா, பாராசெயிலிங் என்று மணிக்கு ஒன்று போட்டிருந்தார்கள். கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று ஒரு வரிகூட இல்லை. தூத்துக்குடியில் வளர்ந்த எனக்கு அது பொறுக்கவில்லை. கைப்பையில் இருந்த பாக்கெட் காலண்டரைப் பார்த்தேன். 30-ம் தேதி அமாவாசை. அப்படியென்றால் அதற்கு முந்திய இரவுகள் கும்மிருட்டு. 30-ம் தேதியை ஒட்டி நீர் ஏறுவதும் அதிகம், வற்றுவதும் அதிகம். அதை வைத்துத் திட்டத்தை மாற்றி எழுதினேன். இருட்டு வேண்டியதை 29 இரவுக்கும், நீர் வற்ற வேண்டியதை 30 பிற்பகலுக்கும் தள்ளினேன். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தம்பி தூங்கப் போய்விட்டான்.

செல்லுலார் சிறைக்கும் போனோம். 1906-ல் கட்டி முடித்த ஏழு கிளைகளில் இன்று மூன்றுதான் மிச்சம். அதை விடுமுறைக் குறிப்புக்குள் இரண்டு வரியில் அடைக்க மனமில்லை.

டிசம்பர் 27, வெள்ளி. ஹேவ்லாக்

காலைப் படகில் ஹேவ்லாக் வந்தாயிற்று. 2018 முதல் இதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர். தனியார் வேகப் படகில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அரசுப் படகு மெதுவாக வரும், கட்டணம் குறைவு, ஆனால் தீவுக்காரர்களுக்குத்தான் முதலிடம். அது நியாயம்தான். மருந்துக்கும் கல்லூரிக்கும் அவர்கள் இந்தப் படகைத்தானே நம்பியிருக்கிறார்கள்.

இங்கே கிராமங்களுக்கு கோவிந்த நகர், விஜய நகர், ராதா நகர் என்று பெயர். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களைக் குடியேற்றிய தீவு இது. கடைகளில் வங்காளம்தான் அதிகம் காதில் விழுகிறது. மதியம் சாப்பிட்ட மீன் குழம்பில் கடுகு நெடி தூக்கலாக இருந்தது. தம்பி மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

பிற்பகல் ராதாநகர் கடற்கரை. 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்த கடற்கரை என்று எழுதியது இதைத்தான். 2020-ல், சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றும் கிடைத்தது. அதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் போனேன், இருந்தாலும் நேரில் பார்த்ததும் வாயடைத்துப் போனேன். மணல் மாவாக இருக்கிறது, நடந்தால் சூடு தெரிவதில்லை. பின்னால் வானம் தெரியாத உயரத்துக்குக் காடு, மரத்தடி வரைக்கும் மணல். நடுவில் ஒரு கட்டடம் இல்லை, ஒரு கடை இல்லை. அலை சீராக வந்து உடைகிறது. தரை மெல்லச் சரிவதால் வெகுதூரம் போனாலும் இடுப்பளவு தண்ணீர்தான்.

உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள், குளிக்கும் இடத்துக்கு எல்லை குறித்திருக்கிறார்கள். அதைத் தாண்டக் கூடாது. 2010-ல் இந்தக் கடற்கரையை ஒட்டிய சிறு குடாவில் நீந்திக்கொண்டிருந்த ஒரு சுற்றுலாப் பயணியை முதலை கொன்றது. உப்பு நீர் முதலைகள் இந்தத் தீவுகளின் அலையாத்திக் காட்டு ஓடைகளில் வாழ்கின்றன. பலகையில் எழுதியிருந்ததைத் தம்பி மகள் சத்தமாக வாசித்துவிட்டு, "அத்தை, நாம இந்தக் கயிறுக்குள்ளயே இருப்போம்" என்றாள். இருந்தோம். வெளிச்சம் போகும் வரை யாரும் கரையேறவில்லை.

டிசம்பர் 28, சனி. ஹேவ்லாக்

இன்றைய நாளை விரிவாகவே எழுதி வைக்க வேண்டும். ஸ்கூபா, அதாவது காற்று உருளை மாட்டிக்கொண்டு முக்குளிப்பது.

காலை ஏழு மணிக்கு மையத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா, காதில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா, சளி இருக்கிறதா. தம்பி மனைவிக்கு இரண்டு நாளாக மூக்கடைப்பு. உண்மையை எழுதினாள். பயிற்சியாளர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுத்துவிட்டார். "மதினி, நீங்க போயிட்டு வாங்க, நான் கரையில இருக்கேன்" என்றாள். முகம் வாடிப்போயிருந்தது. ஆனால் அவர் செய்தது சரி. மூக்கடைத்திருந்தால் காதுக்குள் அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாது, செவிப்பறை கிழிந்துவிடலாம். பணம் வந்தால் போதும் என்று இறக்கிவிடும் இடங்களும் இருக்கும். இப்படி மறுக்கிற இடத்தைத் தேடிப் போவது நல்லது.

பயிற்சியாளர் மாயாபந்தர் பக்கத்து கரேன் சமூகத்துப் பையன். 1925-ல் பர்மாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழி. இங்கே முக்குளிப்புத் தொழிலில் அவர்கள் நிறையப் பேர். மார்பளவுத் தண்ணீரில் நிற்க வைத்து முக்கால் மணி நேரம் பழக்கினார். வாய்க்குழாயைக் கழற்றி மறுபடி மாட்டுவது, முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றுவது, சைகைகள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் "மேலே போகணும்" என்று அர்த்தம். நன்றாக இருக்கிறேன் என்பதற்கு ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது நுரையீரலுக்குள்ளேயே விரியும். எங்கள் ஊரில் சங்கு குளிக்கிறவர்கள் மூச்சை அடக்கித்தானே போனார்கள் என்று கேட்டேன். அவர்கள் மேலே இழுத்த காற்றைத்தான் கீழே கொண்டுபோனார்கள், திரும்பி வரும்போது அது பழைய அளவுக்கு வருமே தவிர அதற்கு மேல் விரியாது என்று விளக்கினார். சின்ன வயதிலிருந்து பார்த்த ஒரு தொழிலை நாற்பத்தெட்டு வயதில் புரிந்துகொண்டேன்.

அப்புறம் இறங்கினோம். ஒவ்வொரு முழத்துக்கும் மூக்கைப் பிடித்துக் காதுக்குள் ஊத வேண்டும். "டப்" என்று திறந்துகொள்ளும். ஆறேழு மீட்டரில் பார், அதாவது பவளப் பாறைத் திட்டு, தொடங்கியது. மூளைப் பவளம், மான்கொம்புப் பவளம், இடையே பூப்போல விரிந்த கடல் சாமந்தி என்ற உயிரி. அதன் கைகளுக்குள் இரண்டு கோமாளி மீன்கள். மற்ற மீனைக் கொட்டிவிடும் அந்தக் கைகள் இவற்றை ஒன்றும் செய்வதில்லை, மேலே படிந்திருக்கும் வழுவழுப்பு காக்கிறது. நான் ஒரு முழம் நெருங்கியதும் பெரியது வெளியே வந்து என் முகமூடிக்கு நேராக நின்றது. அதுதான் பெண். எல்லாம் ஆணாகப் பிறந்து, கூட்டத்தில் மூத்தது மட்டும் பெண்ணாக மாறுகிற இனம். என் உள்ளங்கை அளவுகூட இல்லை. வீட்டைவிட்டு நகரு என்று மிரட்டிக்கொண்டே இருந்தது. நான்தான் பின்வாங்கினேன்.

கொஞ்சம் தள்ளி ஒரு கிளிமீன் பாறையைக் கடித்துக்கொண்டிருந்தது. "கறக், கறக்" என்ற சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்டது. பவளப் பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்று, கூடவே விழுங்கிய சுண்ணாம்பை அரைத்து மணலாக வெளியேற்றும். நான் பார்க்கப் பார்க்க வெள்ளையாக ஒரு புகை போல வெளியேற்றிவிட்டு நகர்ந்தது. இந்தக் கடற்கரைகளின் வெள்ளை மணலில் ஒரு பங்கு இப்படித்தான் உண்டாகிறது.

தம்பி மகள் மேலே வந்ததும் முகமூடியைக் கழற்றுவதற்கு முன்பே, "இதுக்குப் படிக்கணும்னா எவ்ளோ நாள் ஆகும்?" என்று கேட்டாள்.

டிசம்பர் 29, ஞாயிறு. ஹேவ்லாக்

காலையில் எலிஃபண்ட் பீச். மரம் இழுக்கக் கொண்டுவந்த யானைகள் பழகிய தீவு இது. கடலில் நீந்துவதற்குப் பேர் போன ராஜன் என்ற யானை இங்கேதான் வாழ்ந்து 2016-ல் இறந்தது.

கரையில் பெரிய பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்து, வெளுத்துக் கிடக்கின்றன. சுனாமி வேலை. மூன்று நாளைக்கு முன்னால்தான் அதற்கு இருபது வருடம் நிறைந்தது. எங்கள் தூத்துக்குடிக்கு இலங்கை மறைப்பாக நின்றது, நாகப்பட்டினத்துக்கு அப்படி ஒன்று இல்லை. இந்தத் தீவுகளுக்கும் இல்லை. நிக்கோபார் இந்திரா முனையில் நிலமே நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கின் அடி கடலுக்குள் போயிற்று. படகோட்டியிடம் கேட்கலாமா என்று யோசித்தேன். அவராகவே சொல்லாததால் கேட்கவில்லை.

முகமூடியும் சுவாசக் குழாயும் மாட்டி மிதந்து பார்த்ததில், கரையோரம் உடைந்த பவளச் சல்லிதான் அதிகம். 2010 கோடையில் கடல் சூடேறி அந்தமான் முழுவதும் பவளம் வெளுத்தது. அதன் பிறகு மெல்லத் தேறி வருகிற இடத்தில் நம் கால் படுவது பெரிய அநியாயம். இன்றைக்கே பத்துப் பேராவது களைப்பாக இருக்கிறது என்று பவளத்தின் மேல் ஏறி நிற்பதைப் பார்த்தேன். மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறலாமே. தலையில் காற்றுக்கூண்டு மாட்டிக் கடலடியில் நடக்க வைக்கும் விளையாட்டுக்கு நாங்கள் பணம் கட்டவில்லை. நடக்கிற இடத்தில் பவளம் இருக்காது, இருந்தால் அங்கே நடக்கவே கூடாது. சன்ஸ்கிரீனுக்குப் பதில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்குங்கள். சில சன்ஸ்கிரீன்களில் சேர்க்கும் ஆக்ஸிபென்ஸோன் என்ற ரசாயனம் பவளத்துக்கு ஆகாது.

இரவு, காத்து வைத்திருந்த கயாக், துடுப்புப் போடும் ஒடுக்கமான சிறு படகு. அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்ததும் வழிகாட்டி டார்ச்சை அணைக்கச் சொன்னார். துடுப்பைத் தண்ணீரில் இட்டேன். இட்ட இடத்தில் நீலமாக ஒளி சுழன்றது. ஒற்றை உயிரணுவாக வாழும் நுண்பாசி, தண்ணீர் கலங்கினால் மினுக்கும். கையை விட்டு எடுத்தேன், மணிக்கட்டில் பொட்டுப் பொட்டாக ஒட்டி மினுங்கி அணைந்தது. படகுக்கடியில் ஒரு மீன் பாய்ந்தபோது அது போன பாதை முழுவதும் கோடாக ஒளிர்ந்தது. செல்போன் படத்தில் எதுவுமே விழவில்லை. நிலா இருந்திருந்தால் கண்ணுக்கும் இவ்வளவு தெரிந்திருக்காது. அமாவாசையை ஒட்டி வரச் சொல்லி ஒரு முகவராவது எழுதி வைக்கக் கூடாதா என்று ஆதங்கமாக இருக்கிறது.

டிசம்பர் 30, திங்கள். நீல் தீவு

அமாவாசை. தம்பி விடியற்காலையில் கடற்கரையில் நின்று அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டான். ஊரிலிருந்தே எள் கொண்டுவந்திருக்கிறான். எனக்குச் சொல்லவே இல்லை.

படகில் நீல் தீவு, இப்போது ஷஹீத் தீவு. பிற்பகல் லட்சுமண்பூர்ப் பக்கத்துக் கல் பாலத்துக்குப் போனோம். கடல் அரித்துக் குடைந்த பாறை வளைவு, இங்கே ஹௌரா பாலம் என்கிறார்கள். வளைவின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய காட்சி காலடியில் இருக்கிறது. நீர் இடுப்புக்கு மேல் நிற்கிற பாறைத்தளம் முழுவதும் வற்றிப்போய், குழிக்குக் குழி தண்ணீர் தேங்கியிருந்தது. வழிகாட்டிப் பெண் ஒவ்வொரு குழியாக உட்கார வைத்துக் காட்டினார். கடல் அட்டை, சின்ன விலாங்கு, வாய் திறந்த நீல உதட்டுச் சிப்பி ஒன்று, நிழல் பட்டதும் மூடிக்கொண்டது. பாசி படிந்த பாறை வழுக்கும், ரப்பர் செருப்புக்குப் பிடிமானம் கிடையாது, வாரடித்த காலணி வேண்டும். நாலரைக்கு நீர் திரும்ப ஆரம்பித்ததும் அவர் எங்களைக் கிளப்பிவிட்டார்.

டிசம்பர் 31, செவ்வாய். நீல் தீவு

நாளை மறுநாள் காலை விமானம். கடைசியாக முக்குளித்து பதினெட்டு மணி நேரமாவது கழித்துத்தான் பறக்க வேண்டும். இன்று இறங்கினாலும் அவகாசம் இருக்கிறது என்று தம்பி மகள் கணக்குப் போட்டுக் காட்டினாள். காற்று எழும்பிக் கடல் கலங்கிக் கிடந்ததால் வேண்டாம் என்றோம்.

பரத்பூர்க் கடற்கரையில் அவளுக்காக ஜெட் ஸ்கீ. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவளே, "இந்தக் காசுக்கு இன்னொரு தடவை கயாக் போயிருக்கலாம் அத்தை" என்றாள். எனக்கும் அதே எண்ணம்தான். அப்புறம் வாடகைச் சைக்கிளில் வயல்களுக்கு நடுவே சீதாபூர் வரை போய் வந்தோம்.

பவளத் துண்டோ சிப்பியோ பையில் இருக்கிறதா என்று எல்லோர் பையையும் தட்டிப் பார்த்துவிட்டேன். பவளம் 1972 வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, விமான நிலையத்தில் பிடித்தால் சிக்கல்.

அவள் அடுத்த வருடத்துக்குத் தேதி பார்க்க ஆரம்பித்துவிட்டாள். சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டுமாம். இரண்டரை, மூன்று நாள் ஆகும், தம்பிக்கு அவ்வளவு லீவு கிடைக்காது. நானும் அவளும் வருவதாக முடிவு. எந்த மாதம் என்பதைப் புதுப் பஞ்சாங்கம் வந்ததும் பார்க்க வேண்டும்.