கொடி தப்பும், குடி மாட்டும்: பைத்தானில் தமிழ்க் கோப்பு படிப்பது

லேப் வைவாவிலோ நேர்காணலிலோ என்கோடிங் (எழுத்துகளை பைட்டுகளாக்கும் முறை) பற்றிக் கேட்டால், 'யுடிஎஃப்-8 என்று கொடுத்தால் சரியாகிவிடும்' என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்து 'ஏன்?' என்று வரும். அதற்கு நான் தயாரான விதம் இது.

'கொடி' என ஒரு கோப்பு, 'குடி' என இன்னொன்று. இரண்டையும் பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் வரும் அடையாள பைட்டுகள்) இல்லாத யுடிஎஃப்-8இல் சேமியுங்கள். விண்டோஸில், என்கோடிங் எதையும் குறிப்பிடாமல் ஓப்பன் கட்டளையால் படியுங்கள். பைத்தான் 3.14 வரை அது கணினியின் இயல்பு எழுத்து அட்டவணையை (எந்த பைட் எந்த எழுத்து என்ற பட்டியல்) எடுத்துக்கொள்ளும்; ஆங்கில விண்டோஸில் பெரும்பாலும் அது விண்டோஸ்-1252. (3.15இலிருந்து யுடிஎஃப்-8தான் இயல்பு.) 'கொடி' சத்தமில்லாமல் 12 கிறுக்கல்களாக வந்து நிற்கும். 'குடி'யோ யூனிகோட் டிகோட் எரர் (பைட்டை எழுத்தாக்க முடியாத பிழை) தரும்.

தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் யுடிஎஃப்-8இல் 3 பைட். உகரக் குறிக்கு 224, 175, 129. விண்டோஸ்-1252இல் 129க்கு எழுத்தே கிடையாது. புள்ளியின் கடைசி பைட்டான 141ம் அங்கே காலி. ஏ, ஐ இரண்டுக்கும் இதே கதிதான். புள்ளியும் உகரமும் இல்லாமல் ஒரு பத்தி எழுத முடியாது. ஆகவே பெரிய கோப்புகள் எப்படியும் முரண்டு பிடிக்கும். சின்னப் பெயர்ப் பட்டியல்தான் ஏமாற்றும். பிழை வந்தால் பிழைத்தோம் என்றே நினைக்கிறேன்.

அதனால்தான் பிழைகளுக்கு 'இக்னோர்' (படிக்க முடியாத பைட்டை விட்டுவிடு) கொடுப்பது எனக்குப் பிடிக்காது. கிறுக்கலான 'கொடி'யை 1252ஆல் திரும்ப பைட்டாக்கி, யுடிஎஃப்-8ஆல் டிகோட் செய்தால் முழுசாக மீட்கலாம். இக்னோர் போட்ட 'குடி'யில் 129 தொலைந்துவிடும், மீட்க வழியில்லை. நேர்காணலில் இதைச் சொன்னால் அடுத்த கேள்வி சுவாரசியமாக வரும்.

எக்செல் தரும் யுடிஎஃப்-8 சிஎஸ்வியில் முதல் நெடுவரிசையின் பெயர் மட்டும் பொருந்தவில்லையா? முன்னால் பிஓஎம் ஒட்டியிருக்கும். அதை நீக்கிப் படிக்கும் 'யுடிஎஃப்-8-சிக்' என்று கொடுத்துத் திறவுங்கள். 1024 பைட்டாக வெட்டிப் படித்தால் துண்டின் ஓரத்தில் எழுத்து பாதியில் அறுபடலாம். அங்கே பாதி எழுத்தை அடுத்த துண்டு வரும்வரை வைத்திருக்கும் இன்கிரிமென்டல் டிகோடர் வேண்டும்.

'கொடி'யின் நீளம் என்ன என்று கேட்டால் அவசரப்படாதீர்கள். கண்ணுக்கு 2, லென் (யூனிகோட் குறிகளை எண்ணுவது) சொல்வது 4, பைட் 12. ஒகரக் குறியை எகரமும் காலுமாகப் பிரித்து வைத்திருந்தால் லென் 5, பைட் 15. ஒப்பிடும் முன், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.