ஏபி கவர்ன்மெண்ட்: ஃபெடரலிசத்தில் நான் இடறிய இடம்

நேற்று ஏபி (அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) ரிசல்ட் வந்தது. கவர்ன்மெண்டில், அதாவது அமெரிக்க அரசியல் பாடத்தில், 5. அதுதான் அதிகபட்ச மதிப்பெண். அக்டோபரில் முதல் யூனிட் டெஸ்டில் நூற்றுக்கு 58 வாங்கி, அந்தத் தாளை அம்மாவிடம் காட்டாமல் இரண்டு நாள் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். அதனால் இந்த 5 எனக்குப் பெரிய விஷயம். என்னைப்போல் இந்தியாவில் பத்தாவது முடித்துவிட்டு இங்கே வந்து இந்தப் பாடத்தை எடுக்கப்போகிற தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

அந்த 58-க்கு நான் ஏற்கெனவே படித்திருந்ததுதான் காரணம். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் கூட்டாட்சி (ஃபெடரலிசம்) ஒரு முழுப் பாடம். மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப்பட்டியல். மூன்றிலும் சேராத எஞ்சிய அதிகாரம் மத்திய அரசுக்கு. அது மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. இங்கேயும் அதையே எழுதினேன்.

அமெரிக்க அரசியலமைப்பில் மாநிலங்களுக்கென்று ஒரு பட்டியலே கிடையாது. நாடாளுமன்றமான காங்கிரஸின் அதிகாரங்கள் ஆர்டிகிள் 1, செக்ஷன் 8-ல் இருக்கின்றன. மத்திய அரசுக்குத் தராததும் மாநிலங்களுக்குத் தடுக்காததும் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்கிறது பத்தாவது திருத்தம். அதாவது எஞ்சிய அதிகாரம் இந்தியாவில் போகும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் போகிறது. தனித்தனியாக இருந்த மாநிலங்கள் ஒன்றுசேர்ந்து அமைத்த நாடு இது என்று அதே பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் படித்தும் இருந்தேன். இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரே ஒரு பழக்கம்தான் என்னைக் காப்பாற்றியது. நோட்டில் இடப்பக்கம் அரசு என்ன செய்தது, வலப்பக்கம் அது அரசியலமைப்பின் எந்த வரியில் நிற்கிறது. வலப்பக்கம் காலியாக இருந்தால் அந்த வழக்கு எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம்.

மெக்கல்லக் வழக்கில் (1819) வலப்பக்கம் இரண்டு வரி வரும். தேசிய வங்கி தொடங்கியதற்கு நெசசரி அண்ட் ப்ராப்பர் கிளாஸ், அதாவது தன் அதிகாரங்களைச் செயல்படுத்தத் தேவையான சட்டங்களைக் காங்கிரஸ் இயற்றலாம் என்ற வரி. அந்த வங்கியின் பால்டிமோர் கிளைமீது மேரிலாந்து போட்ட வரி செல்லாது என்பதற்கு, மத்தியச் சட்டமே மேலானது என்ற சுப்ரிமஸி கிளாஸ். லோபஸ் வழக்கில் (1995), மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்தக் காங்கிரஸுக்கு அதிகாரம் தரும் காமர்ஸ் கிளாஸ். பள்ளி அருகே துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்த 1990-ம் ஆண்டு மத்தியச் சட்டத்தை அந்த வரி தாங்காது என்று 5-4 தீர்ப்பு.

மூன்றாவது எஃப்ஆர்க்யூவில் (விரிவாக எழுதவேண்டிய கேள்வி) நமக்குத் தெரியாத வழக்கைத் தருவார்கள் இல்லையா, அதற்கு லோபஸோடு ரெய்ச் வழக்கை (2005) வைத்துப் பழகுங்கள். கலிஃபோர்னியாவில் மருத்துவத் தேவைக்காக வீட்டில் கஞ்சா வளர்த்தவர்கள், அதைத் தடுக்கும் மத்தியச் சட்டத்தை எதிர்த்த வழக்கு. அதே காமர்ஸ் கிளாஸ், ஆனால் இந்த முறை மத்திய அரசு ஜெயித்தது. துப்பாக்கியை வைத்திருப்பது பொருளாதார நடவடிக்கை இல்லை. கஞ்சா வளர்ப்பது நாடு தழுவிய சந்தையைப் பாதிக்கும் என்றது நீதிமன்றம். இந்த வித்தியாசத்தை இரண்டு வாக்கியத்தில் எழுத வரும்வரை நான் அடுத்த பாடத்துக்குப் போகவில்லை.

மற்றவை:

- ஃபிளாஷ் கார்டு எனக்கு ஒத்துவரவில்லை. கையால் எழுதினால்தான் நிற்கும்.
- கிராண்ட் (மத்திய அரசு மாநிலங்களுக்குத் தரும் பணம்) வகைகளை மனப்பாடம் செய்யாமல் ஒரு கதையோடு பிடியுங்கள். குடிக்கும் வயதை 21 ஆக்கச் சொல்லி 1984-ல் காங்கிரஸ் மாநிலங்களுக்கு நேரடியாக உத்தரவு போடவில்லை. கேட்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலைப் பணத்தில் ஒரு பங்கைப் பிடித்தம் செய்வோம் என்றது. 1987-ல் நீதிமன்றமும் அதை ஏற்றது.
- நான்கு எஃப்ஆர்க்யூவுக்கும் சேர்த்து 100 நிமிடம். நான் கட்டுரையை முதலில் எழுதினேன்.
- அரசியலமைப்பை எதிர்த்து ஒருவர் புரூட்டஸ் என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையான புரூட்டஸ் 1-ன் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள், முழுதாகப் படியுங்கள். நெசசரி அண்ட் ப்ராப்பர், சுப்ரிமஸி இரண்டையும் காட்டி, இவை மாநிலங்களை விழுங்கிவிடும் என்று 1787-லேயே எச்சரித்தவர் அவர். 32 வருடம் கழித்து மெக்கல்லக் தீர்ப்பு நின்றது அதே இரண்டு வரிகளின்மேல். இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.