தாத்தாவோட பிரஜாவுரிமை பைல்

போன மாசம் கொழும்பு கொட்டாஞ்சேனை வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க சாமான் எல்லாம் எறக்குனப்போ அம்மாவோட ட்ரங்க் பெட்டி அடியில ஒரு காக்கி பைல் கெடந்துச்சு, தொறந்தா தாத்தா 1951ல பிரஜாவுரிமைக்கு போட்ட மனுவோட கொப்பி. கடைசி பக்கத்துல கைநாட்டு, மை இன்னும் ஊதாவாத்தான் இருக்கு. "அது எதுக்குடா இப்ப, அதான் குடுக்கவே இல்லையே"ன்னு அம்மா சொல்லிட்டு டீ போட போயிட்டாங்க.

குடுக்கலதான். 1948ல வந்த இலங்கை பிரஜாவுரிமை சட்டம், இந்தியாவுல இருந்து தோட்ட வேலைக்கு வந்த நம்ம மலையக ஆளுங்கள நாடில்லாதவங்களா ஆக்கிடுச்சு, அடுத்த வருசம் வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டத்துல மனு போடலாம், ஆனா கல்யாணம் ஆனவங்கன்னா 7 வருசம், ஆகாதவங்கன்னா 10 வருசம், 1946 ஜனவரிக்கு முன்ன தொடர்ந்து இங்கயே இருந்தத நிரூபிக்கணும். 1951 ஓகஸ்ட் 5 தான் கடைசி நாள். 8 லட்சம் பேருக்கு மேல கேட்டு ஏறக்குறைய 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான் கெடச்சது. எங்க வீட்டுக்கு, நாடில்லாதவங்களுக்கு பிரஜாவுரிமை குடுத்த 1988 சட்டத்துக்கு பொறகுதான் விடிஞ்சுச்சு.

ஆனா பாருங்க, நிராகரிக்க காரணம் தேடித்தான் அவ்வளவு கேள்வி கேட்டிருக்கானுங்க, அப்பா பேரு, பொறந்த ஊரு, எந்த தோட்டத்துல எப்ப இருந்த, புள்ளைங்க எங்க பொறந்திச்சின்னு, எங்க பரம்பரையப் பத்தி இவ்வளவு வெவரமா வேற ஒரு கடதாசியும் இல்ல.

தாத்தா உயிரோட இருக்கும்போது "திருச்சி பக்கம்"னுதான் சொல்வாரு. மனுவுல திருச்சினாப்பள்ளி டிஸ்ட்ரிக்ட், பெரம்பலூர் தாலுக்கான்னு இருக்கு, அதுக்கு மேல ஒரு கிராமத்து பேரு, கிளாக்கர் காதுல விழுந்தத இங்கிலீஷ்ல எழுதிருக்காரு, வாசிச்சா "கூரம்பாலோர்"னு வருது. நான் லூசு மாதிரி ரெண்டு கிழமை இப்ப இருக்கிற திருச்சி மாவட்ட மேப்புல தேடுனேன். பெரம்பலூர் 1995லயே தனி மாவட்டமா பிரிஞ்சது மண்டையில ஏறவே இல்ல. குரும்பலூர்! சத்தமா சொல்லிப் பாத்ததும்தான் புரிஞ்சது. அதனால நீங்களும் உங்க பூர்வீக ஊர தேடுனா பழைய மாவட்டம் தாலுக்காவ மொதல்ல பாருங்க, ஊர் பேர வாய்விட்டு படிங்க. தாத்தாமாருக்கு இனிஷல்தான் குடும்பப் பேரு, அப்பா பேரு தெரியாம தேடுனா ஒரே முத்துசாமி நூறு பேரு வருவாங்க.

தேதிகள ரொம்ப நம்பாதீங்க. வயசு எல்லாம் குத்துமதிப்பு, வந்த வருசத்த சட்டத்துக்கு ஒத்துவர மாதிரி சொல்லச்சொல்லி யாராவது சொல்லிக் குடுத்திருப்பாங்க, நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். மனுவ தோட்டத்து செக்ரோலோடயும் (வேலையாள் பேர் பதிவு) பேர்த் சேர்ட்டிபிகேட்டோடயும் ஒத்துப் பாக்கணும். பழைய அரசாங்க ஆவணத்துக்கு கொழும்பு 7ல தேசிய சுவடிக்கூடம் இருக்கு, ஒரு நாள் லீவு போட்டு போங்க.

புள்ளைங்க லிஸ்ட்டுல மூத்த மாமா டிம்புள்ளயில, பெரியம்மா மஸ்கெலியால. அதுக்கு கீழ இன்னொரு பேரு, பொம்பளப் புள்ள, வயசு 2. அம்மா 53ல பொறந்தவங்க, அப்ப இது யாரு?

டீயோட வந்தவங்க கிட்ட காட்டுனேன். கண்ணாடிய போட்டுட்டு வெரல வச்சி எழுத்து எழுத்தா படிச்சாங்க. "அக்கா பேரு இதுவா"ன்னு கேட்டாங்க. பாப்பான்னு மட்டுந்தான் அவங்களுக்கு சொல்லிருக்காங்களாம், மஸ்கெலியா லயத்துல (தோட்டத்து லைன் வீடு) காய்ச்சல்ல போயிருச்சாம்.

பேரும் தோட்டமும் இருக்கு, திங்கக்கிழமை அந்த மரணப் பதிவ தேட போறேன். அம்மாவும் வர்றாங்களாம்.