வால் முளைத்த வினைகள்: ரோஸ் ஹில் நாட்குறிப்பு

பிப்ரவரி 3, 2025, திங்கள்

மொரீஷியஸின் கிழக்குக் கரையில் உள்ள ஒரு ஹோட்டலின் அறைக் கையேடு வந்திருக்கிறது. ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு மாற்ற வேண்டும். ஸ்பெயினிலிருந்து விருந்தினர்கள் வருகிறார்களாம். முதல் பக்கத்தைப் புரட்டினால் ஒரே 'டர்ன்' மயம். வெளியே போகும்போது ஏசியை 'டர்ன் ஆஃப்' செய்யுங்கள், டிவி சத்தத்தை 'டர்ன் டவுன்' செய்யுங்கள், மாலையில் 'டர்ன் டவுன்' சேவை உண்டு, வேண்டாதவர்கள் அதை 'டர்ன் டவுன்' செய்யலாம். எழுதியவர் சிரித்துக்கொண்டே எழுதினாரோ என்னவோ.

ஆங்கிலத்துக்கு வினை பாதிதான். மீதிப் பொருள் 'ஆஃப்', 'டவுன்' என்று பின்னால் ஆடும் வாலில் இருக்கிறது. ஸ்பானிஷில் அந்த வாலுக்கு இடமே இல்லை, ஒவ்வொன்றுக்கும் தனி வினை. ஏசிக்கு 'அபகார்'. சத்தத்துக்கு 'பஹார்', அதாவது இறக்குவது. படுக்கை விரிப்பை மடித்துவிட்டுத் தூங்கத் தயார் செய்வதற்கு 'அப்ரிர் லா காமா', கட்டிலைத் திறப்பது. மறுப்பதற்கு 'ரெச்சசார்' இருக்கிறது, ஆனால் ஒரு ஹோட்டல் சேவைக்கு அது ரொம்ப விறைப்பு. 'விரும்பாவிட்டால்' என்று சுற்றி எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

இன்று 'கோ ஆஃப்'. இந்த வகையில் இதைவிடப் பொல்லாதது எனக்குத் தெரிந்து இல்லை. விளக்கு 'கோ ஆஃப்' ஆனால் நின்றுபோகிறது. அலாரம் 'கோ ஆஃப்' ஆனால் அடிக்கத் தொடங்குகிறது. பால் ஆனால் கெட்டுப்போகிறது, குண்டு ஆனால் வெடிக்கிறது. கையேட்டில் தீ எச்சரிக்கைப் பக்கத்தில் அலாரம், அடுத்த பக்கத்தில் மின்வெட்டு, இரண்டுக்கும் அதே 'கோ ஆஃப்'. முதலாவதற்கு 'அபகார்சே' என்று எவராவது போட்டுவைத்தால், அலாரம் நின்றதும் அறையை விட்டு ஓடுங்கள் என்று ஆகிவிடும்.

பக்கத்து மேஜைத் தங்கை இந்த ஊர்ப் பெண். வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் தமிழும். "அண்ணா, நான் எல்லாத்தையும் முதல்ல கிரியோலுக்குக் கொண்டு போய்டுவேன். 'அலார்ம் பெ சொனே', அவ்வளவுதான், அங்கேயிருந்து 'சொனார்' வந்துடும்" என்றாள். நல்ல வழி. நான் தமிழுக்குக் கொண்டு போகிறேன். அலாரம் அடித்தது: 'சோனோ'. குண்டு வெடித்தது: 'எஸ்தயோ'. பால் திரிந்தது: 'சே கோர்த்தோ'. கரண்ட் போச்சு என்பதற்கு 'சே ஃபுவே லா லூஸ்', வெளிச்சம் போய்விட்டது. சொல்லுக்குச் சொல் நம் வீட்டுப் பேச்சு.

பிப்ரவரி 8, சனி

கடற்கரை விதிகள். படகு போகும் வழியை 'ஸ்விம் அக்ராஸ்' செய்யக்கூடாது. ஆங்கிலம் எப்படி நகர்கிறோம் என்பதை வினையில் வைத்து, எங்கே என்பதை வாலுக்குத் தள்ளுகிறது. ஸ்பானிஷ் நேர்மாறு: 'க்ரூசார் நதாந்தோ', கடப்பதுதான் வினை, நீந்துவது எச்சம். லெனர்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் 1985இல் எழுதிய நீண்ட கட்டுரையில் உலக மொழிகளை இந்தக் கோணத்தில் பிரித்துக் காட்டினார். தமிழ் எந்தப் பக்கம் என்று கேட்கவே வேண்டாம். நீந்திக் கடந்தான், ஓடி வெளியேறினான், தவழ்ந்து ஏறினான். ஸ்பானிஷில் எச்சம் பின்னால் வருகிறது ('சாலியோ கோர்ரியெந்தோ'), நமக்கு முன்னால். அவ்வளவுதான் வித்தியாசம். இதற்கு ஏன் எல்லோரும் ஆங்கிலம் வழியாகப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள் என்று புரியவில்லை.

ஒரு விலக்கு உண்டு. எல்லை எதையும் தாண்டாமல் ஓர் இடம் வரைக்கும் போவதென்றால் ஸ்பானிஷும் 'நதார் ஆஸ்தா' என்று நீந்துவதையே வினையாக்கும். கரை வரைக்கும் நீந்தினான், அதுவும் நமக்குச் சரிதான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம், நாடே விடுமுறை. வெயிலில் காவடிக்குப் பின்னால் நடந்து கால் வெந்துவிட்டது. வேலை ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 12, புதன்

தண்ணீர் 'ரன் அவுட்' ஆனால் வரவேற்பறையைக் கூப்பிடவும். ஸ்பானிஷில் 'சே அகபோ எல் அக்வா', தண்ணீர் தீர்ந்துவிட்டது. எங்களுக்கு ரொட்டி தீர்ந்துபோச்சு என்றால் 'சே நோஸ் அகபோ எல் பான்'. இந்தச் சின்ன 'சே'யைத்தான் ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன்.

ஆங்கிலத்தின் 'ஈட் அப்', 'ஃபால் டவுன்' ஆகியவற்றில் வரும் வால் பல நேரம் திசையைச் சொல்வதில்லை. காரியம் முடிந்துபோனதைச் சொல்கிறது. அந்த வேலையை ஸ்பானிஷில் 'சே' செய்கிறது, தமிழில் 'விடு'வும் 'போ'வும் செய்கின்றன. 'கொமியோ' என்றால் சாப்பிட்டான், 'சே கொமியோ லா தோர்த்தா' என்றால் கேக்கைச் சாப்பிட்டே விட்டான். 'துர்மியோ' தூங்கினான், 'சே துர்மியோ' தூங்கிவிட்டான். செய்தித்தாளில் 'முரியோ', இறந்தார். சொந்தக்காரர் வாயில் 'சே முரியோ', செத்துப்போய்ட்டார்.

இங்கே தங்கையின் பிரெஞ்சு அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. அவளுக்கு 'விடு' வாயில் வருகிறது, ஆனால் அது என்ன செய்கிறது என்று பள்ளியில் யாரும் சொல்லவில்லையாம். அரை மணி நேரம் டீயோடு உட்கார்ந்து பேசினோம்.

எல்லா இடத்திலும் ஒட்டாது, அதையும் சொல்ல வேண்டும். 'கொமெர்சே'வுக்கு இன்ன பொருள், இவ்வளவு என்று அளவு தெரிய வேண்டும். பொதுவாக ரொட்டி சாப்பிடுவதற்கு அது வராது. அப்புறம், 'அவருக்கு போன் பண்ணிவிடு' என்று நாம் கட்டளையில் சேர்க்கும் 'விடு'வுக்கு ஸ்பானிஷில் 'சே' கிடையாது, 'யாமாலோ' போதும்.

இன்னொரு ஜோடி: நான் அணைத்தேன், விளக்கு அணைந்தது. 'அபகே', 'சே அபகோ'. தமிழ் வினையின் உடலையே மாற்றுகிறது, ஸ்பானிஷ் 'சே' சேர்க்கிறது, ஆங்கிலமோ 'புட் அவுட்', 'கோ அவுட்' என்று வினையையே மாற்றிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொள்கிறது. உடைந்த பொருள்களுக்கான பக்கத்தில் 'சே மே காயோ எல் பாசோ' என்ற வாக்கியத்தை விருந்தினர் வாயில் வைத்தேன். கிளாஸ் கை தவறி விழுந்துவிட்டது. குற்றம் கொஞ்சம் கிளாஸ் மேலும் போகிறது, இரண்டு மொழியிலும்.

பிப்ரவரி 17, திங்கள்

மீதமிருந்தவை சுலபம். 'மேக் அப்' அறைக்கு வந்தால் 'அர்ரெக்லார்', முகத்துக்கு 'மகியார்சே', கதைக்கு 'இன்வெந்தார்'. நமக்கும் கதை கட்டுவது வேறு, அறையை ஒழுங்கு செய்வது வேறு.

'பிக் அப்'தான் கொஞ்சம் நிதானிக்க வைத்தது. விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவதற்கு 'ரெகொஹேர்' எங்கும் செல்லும். ஆனால் பஸ் பிடிப்பதற்கு ஸ்பெயினில் சாதாரணமாகச் சொல்லும் 'கொஹேர்', மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் படுக்கையறைச் சொல். விருந்தினர் ஸ்பெயின்காரர்தானே என்று விட மனமில்லை. அந்த வரிகளில் 'தோமார்' போட்டேன், அட்லாண்டிக்கின் இரு கரையிலும் சிரிக்க மாட்டார்கள். படிவம் நிரப்புவதற்கு மட்டும் ஸ்பெயின் வழக்கான 'ரெயேனார்' இருக்கட்டும். அமெரிக்கக் கரையில் 'யேனார்' என்பார்கள், ஆனால் படித்தால் யாருக்கும் புரியும். கையேட்டை மதியமே அனுப்பியாகிவிட்டது.