வன்னி முதியோருக்கு எத்தனை தாதியர் வேண்டும்?

2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கையில் 60 வயதைக் கடந்தவர்கள் 12.4 வீதம். ஆனால் தலைக்கணக்குப் பார்த்து ஆளணியைப் பிரித்தால் வன்னியில் பிழைக்கும். இங்கே வீடு வீடாகப் போகும் தாதியின் நேரத்தைத் தின்பது தூரம்.

வேலைச்சுமையிலிருந்து தொடங்குங்கள். லீவு, பயிற்சி எல்லாம் கழித்து ஒரு தாதிக்கு வருடத்தில் 220 வேலைநாள் என்று வைப்போம். முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய், ஒட்டுசுட்டான் உள்வீதிகளில் நாளுக்கு 4 வீடு பார்த்தாலே பெரிய விசயம்; மாரியில் அதுவும் சந்தேகம். அப்படியென்றால் 880 வருகை. படுக்கையில் இருப்பவரை இரண்டு கிழமைக்கொருக்கால் பார்க்க 26 வருகை வேண்டும். ஆக ஒரு தாதிக்கு 33 பேர்தான். படுக்கைப்புண் வந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்டவேண்டியவர்கள் இரண்டு பேர் இருந்தால், நாளின் கால்வாசி அவர்களுக்கே போய்விடும்.

புண் வராமல் தடுக்க இரண்டு மணித்தியாலத்துக்கொருக்கால் திருப்பிப் படுக்கவைக்கவேண்டும். அதைத் தாதி செய்யமுடியாது. பிள்ளைகள் வெளிநாட்டில், காசு வரும், திருப்பிவிட ஆள் வராது. ஊரிலேயே சம்பளத்துக்குப் பராமரிப்பாளர்களைப் பழக்குவதுதான் வழி. தொண்டு என்று விட்டால் நிலைக்காது.

போரில் கால் இழந்தவர்களுக்கும் வயதாகிறது. இயன்மருத்துவரை (பிசியோதெரபிஸ்ட்) திட்டத்தில் கடைசி வரியில் எழுதாதீர்கள். இடமாற்றத்தில் போகிற தாதி, புதிதாக வருபவருக்கு வீடுகளைக் காட்டிய பிறகே விடுவிக்கப்படவேண்டும்.